ஸ்ட்ரேஞ்சா, பெக்யூலியரா?

கம்பத்திலிருந்து மலையேறிப் போய்க் கேரளத்துக் குமுளி ஓட்டலில் உட்கார்ந்தால், பதிமுகம் என்ற மரச்சீவல் போட்டுக் கொதிக்கவைத்த இளஞ்சிவப்பு வெந்நீர் டம்ளரில் வரும். முதல்முறை பார்ப்பவருக்கு அது ‘ஸ்ட்ரேஞ்ச்’. பழக்கமில்லாதது, அவ்வளவுதான். ‘வெளியே உள்ளது’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ‘ஸ்ட்ரேஞ்சர்’ இதன் உடன்பிறப்பு. நாலு தடவை குடித்தால் அந்த ஸ்ட்ரேஞ்ச் போய்விடும்.

‘பெக்யூலியர்’ அப்படிப் போகாது. பழகின பிறகும் தனித்துத் தெரிகிற குணம் அது. லத்தீனில் இதன் வேர் சொந்தச் சொத்து; அதற்கும் முன்னே கால்நடை. (பழந்தமிழிலும் மாடு என்றால் செல்வம்தானே!) அதனால்தான் ‘பெக்யூலியர் டு கேரளா’ என்றால் கேரளத்துக்கே உரியது என்று பொருள். அதில் குறை எதுவும் இல்லை.

ஆனால் அந்த ‘டு’ இல்லாமல் போனால் கதை வேறு. ‘பெக்யூலியர் ஸ்மெல்’ என்றால் பெரும்பாலும் ஏதோ சரியில்லை என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். நான் ஒருமுறை புகழ்வதாக நினைத்து அப்படிச் சொல்லிவைத்தேன். ஓட்டல் சேட்டன் டம்ளரை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, வேறு தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.