எடுத்ததும் அட்மின் கொடுக்காதீர்கள்: கிட்ஹப் அனுமதிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டீமில் புதிதாகச் சேர்ந்தவர் புஷ் பண்ண (தன் கோடை ஏற்ற) முடியவில்லை என்கிறார், ரிலீஸ் அவசரம், சரி என்று அட்மின் கொடுத்துவிடுகிறோம். கோடைச் சேமித்துச் சேர்ந்து வேலை செய்யும் தளமான கிட்ஹப்பில், ஆர்கனைசேஷன் என்ற டீம் கணக்கில் ரீட், ட்ரையாஜ், ரைட், மெயின்டெய்ன், அட்மின் என 5 அனுமதிப் படிகள் இருக்கின்றன. கோட் எழுதுகிறவருக்கு ரைட் போதும், இஷ்யூக்களுக்கு (பிழை, கோரிக்கைப் பதிவுகளுக்கு) லேபிள் போடுகிறவருக்கு ட்ரையாஜே தாராளம். தனிநபர் கணக்கில் உள்ள ரெப்போவில் (கோட் இருக்கும் களஞ்சியத்தில்) இந்தப் படிகளே கிடையாது, கொலாபரேட்டராகச் சேர்த்தால் நேராக ரைட்தான். அதனால் டீம் வேலையை ஒருவருடைய சொந்தக் கணக்கில் வைக்காதீர்கள்.

ஆள் வேலையை விட்டுப் போகும்போதுதான் உண்மையான தலைவலி. பட்டியலிலிருந்து பெயரை எடுத்ததோடு முடிந்தது என்று நினைக்கிறோம், ஆனால் அவர் சர்வருக்காகப் போட்ட டிப்ளாய் கீ (அந்தச் சர்வர் ரெப்போவைத் திறக்கும் சாவி) அப்படியே வேலை செய்துகொண்டிருக்கும், ஏனென்றால் அது ரெப்போவுக்கு உரியது, ஆளுக்கு அல்ல. ரைட் டிக் செய்து போட்டிருந்தால் அந்தக் கீ கையில் இருக்கிற யாரும் புஷ்ஷும் பண்ணலாம். செட்டிங்ஸில் டிப்ளாய் கீஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ‘டெஸ்ட்’, ‘நியூ கீ 2’ என்றெல்லாம் பெயர் இருந்தால் எது எந்தச் சர்வருடையது என்று ஒருவருக்கும் தெரியாது. கடைசியாக எப்போது பயன்பட்டது என்பது அங்கேயே இருக்கும், அதை வைத்துத்தான் களையெடுக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பில்ட் (கோடைச் செயலியாக்கும் தானியங்கி வேலை) ஓடுவது ஒருவருடைய சொந்த டோக்கனில் (பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் சாவியில்), அவரை எடுத்தால் பில்ட் நின்றுவிடும், அந்தப் பயத்திலேயே போனவரைப் பட்டியலில் விட்டுவைக்கிறார்கள்! அதுவும் பழைய வகை டோக்கனில் ‘ரெப்போ’ அனுமதி கொடுத்திருந்தால், அவருக்கு எட்டுகிற எல்லா ரெப்போவுக்கும் அது செல்லும். ஒரு ரெப்போவுக்கு மட்டும், காலாவதித் தேதியோடு டோக்கன் போடும் வசதி 2022-லேயே வந்துவிட்டது.

கோடின் முக்கியக் கிளையில் இஷ்டத்துக்கு மாற்றம் செய்யவிடாத பிராஞ்ச் புரொடெக்‌ஷன் போட்டாச்சு என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: தனியாக டிக் செய்யாவிட்டால் அந்த விதிகள் அட்மினைக் கட்டுப்படுத்தாது.

அப்புறம், பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை எல்லோருக்கும் கட்டாயமாக்காமல் விடுவது. 2018 ஜூனில் ஜென்டூ லினக்ஸ் என்ற இயங்குதளத் திட்டத்தின் கிட்ஹப் ஆர்கனைசேஷன் பறிபோனது இப்படித்தான்: ஒரு அட்மினின் பாஸ்வேர்டை ஊகித்து உள்ளே வந்தவர் ஃபைல்களை அழிக்கும் கட்டளைகளை ரெப்போக்களில் சேர்த்தார். மற்ற டெவலப்பர்களை அவர் நீக்கியதும் எல்லோருக்கும் மெயில் போனது, அதனால்தான் சீக்கிரம் தெரியவந்தது. மூல ரெப்போக்கள் ஜென்டூவின் சொந்தச் சர்வர்களில் இருந்தன, கிட்ஹப்பில் இருந்தது நகல்தான்.