கேக் வெட்டும்போது பாட்டை எடுத்துக்கொடுப்பது எப்படி

உலகத்தில் அதிகம் பாடப்படும் கொண்டாட்டப் பாட்டு எது என்று கேட்டால் என் பாட்டு வகுப்புப் பிள்ளைகள் யோசிக்கவே மாட்டார்கள். ‘ஹேப்பி பர்த்டே’தான். 1998ல் கின்னஸ் புத்தகமும், ஆங்கிலப் பாடல்களில் மக்களுக்கு மிகவும் தெரிந்தது இதுதான் என்று குறித்தது. அசோக் நகரில் எங்கள் குடியிருப்பில் சனி, ஞாயிறு சாயங்காலம் ஏதாவது ஒரு மாடியிலிருந்து இது கேட்காமல் போகாது. ஆனால் மூன்றாவது வரி வந்ததும் பாதிப் பேர் கத்துவார்கள், மீதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். நாலே வரிப் பாட்டு. ஒருவர் சரியாக எடுத்துக்கொடுத்தால் போதும், அந்த வீட்டில் இருக்கும் எல்லோருடைய குரலும் அழகாகச் சேரும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.

முதலில் சுருதி. இந்த மெட்டு சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்களில் ஓடுகிறது, ஆனால் ஸட்ஜத்தில், அதாவது ‘ஸ’வில் தொடங்குவதில்லை. அதற்குக் கீழே இருக்கும் பஞ்சமத்தில், அதாவது கீழ் ‘ப’வில் தொடங்குகிறது: ப ப த ப ஸ நி. இரண்டாவது வரி ப ப த ப ரி ஸ. மூன்றாவது வரியில்தான் சிக்கல். ‘பர்த்’ என்கிற இடத்தில் கீழ் பஞ்சமத்திலிருந்து மேல் பஞ்சமத்துக்கு ஒரே தாவல்: ப ப ப க ஸ நி த. ஒரு முழு ஸ்தாயி, அதாவது ஒரு ‘ப’விலிருந்து அடுத்த ‘ப’ வரை ஏற வேண்டும். உற்சாகத்தில் முதல் வார்த்தையை உச்சத்தில் பிடித்துவிட்டால் அங்கே போய்ச் சேர யாருக்கும் குரல் இருக்காது. கடைசி வரி ம ம க ஸ ரி ஸ, சுலபமாக இறங்கிவிடும்.

பெரியவர்களும் குழந்தைகளும் கலந்த கூட்டத்துக்கு 4 கட்டை சுருதி, அதாவது கீபோர்டின் எஃப்-ஐ ‘ஸ’வாக வைப்பது, சரியாக இருக்கும். கீபோர்டு இருந்தால் சி சி டி சி எஃப் ஈ என்று முதல் வரியை வாசித்துக் காட்டுங்கள். இல்லையென்றால் போனில் தம்புரா ஆப்பை 4 கட்டையில் வையுங்கள். முதல் தந்தியாக ஒலிக்கும் பஞ்சமம்தான் உங்கள் முதல் ஸ்வரம். கூட்டம் கூடுவதற்கு முன்னால் ஒரு ஓரமாகப் போய் அதைக் காதில் வாங்கிக்கொண்டு வாருங்கள். அதுவும் முடியாதா? சாதாரணமாகப் பேசும் குரலிலேயே தொடங்குங்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் தாழ்வாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

அடுத்தது தாளம். மூன்று எண்ணிக்கை. பாட்டு தொடங்குவது மூன்றாவது எண்ணிக்கையில். அதனால் “ஒன், டூ, த்ரீ” என்று முழுசாகச் சொல்லிவிட்டு ஆரம்பித்தால் எல்லோரும் தடுமாறுவார்கள். “ஒன், டூ” என்று மட்டும் சொல்லுங்கள், த்ரீ வர வேண்டிய இடத்தில் ‘ஹேப்பி’ வந்துவிட வேண்டும். கைத்தட்டு ‘பர்த்’திலும் ‘யூ’விலும் விழும். ‘ஹேப்பி’யை இழுக்காதீர்கள், அதன் இரண்டு அசையும் ஒரே எண்ணிக்கைக்குள் அடங்க வேண்டும்.

அது ஏன் அப்படி என்பதற்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் மில்ட்ரெட் ஹில், பாட்டி ஹில் என்று இரண்டு சகோதரிகள். பாட்டி ஹில் மழலையர் பள்ளி ஆசிரியை. மெட்டுப் போட்டவர் மில்ட்ரெட். பள்ளிப் பிள்ளைகள் காலையில் பாடுவதற்காக அவர்கள் செய்த ‘குட் மார்னிங் டு ஆல்’ 1893ல் அச்சில் வந்தது. ‘குட்’ என்ற ஒரு அசை நின்ற இடத்தில் பின்னாளில் ‘ஹேப்பி’ வந்து உட்கார்ந்தது. அதற்காக அந்த ஒரு ஸ்வரம் இரண்டாகப் பிரிந்தது. குழந்தைகளுக்காகவே செய்த மெட்டு, அதனால்தான் நம் வீட்டு மூன்று வயதுப் பிள்ளையும் கூடவே பாடுகிறது. இந்தப் பாட்டுக்கு ஒரு நிறுவனம் வெகுகாலம் உரிமைக் கட்டணம் வாங்கிவந்தது. 2015ல் அமெரிக்க நீதிமன்றம் அந்த உரிமை செல்லாது என்றது, 2016ல் 1 கோடியே 40 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. இன்று இது எல்லோருக்கும் பொது.

சரி, இப்போது பெயர். மூன்றாவது வரியின் கடைசியில் பெயருக்கென்று இருப்பது இரண்டே ஸ்வரம், நி த. மீனா, ராஜா, பாட்டி, தாத்தா எல்லாம் கச்சிதமாக உட்காரும். கவிதா என்றால் ‘கவி’யை நியிலும் ‘தா’வை த-விலும் வையுங்கள். கார்த்திகேயன் என்றால் ‘கார்த்தி’ ஒன்றில், ‘கேயன்’ ஒன்றில். இதைவிட முக்கியம், எந்தப் பெயர் என்பதை முன்கூட்டியே முடிவு செய்வது. பள்ளித் தோழர்கள் ஸ்ரீவர்ஷினி என்பார்கள், அத்தை அம்முக்குட்டி என்பார், எதிர்வீட்டு மாமி வர்ஷு என்பார். மூன்றும் ஒன்றாக விழுந்தால் தன் பெயரைக் கேட்கக் காத்திருக்கும் குழந்தைக்கு ஒன்றுமே கேட்காது. மெழுகுவர்த்தி ஏற்றும்போதே “எல்லோரும் வர்ஷுன்னு பாடுங்க” என்று சொல்லிவிடுங்கள். பெயரின் கடைசி அசையில் கொஞ்சம் நிறுத்தி, கையை உயர்த்தி, எல்லோரும் உங்களைப் பார்த்ததும் ‘ஹேப்பி’ என்று கையை இறக்குங்கள். கடைசி வரி ஒரே குரலாக வரும்.

இன்னொன்று, நம் ஊர் மே மாதம். மெழுகுவர்த்தி அணையாமல் இருக்க ஃபேனை நிறுத்துவோம், நிறுத்திய உடனே எல்லோருக்கும் வியர்க்கும், பாட்டு ஓட ஆரம்பிக்கும். அதனால் ஆட்களை நிற்க வைத்து, போட்டோக்காரரைத் தயார் செய்துவிட்டு, கடைசியாக ஃபேனை நிறுத்தித் திரியைப் பற்ற வையுங்கள். பாட்டு அரை நிமிடம்கூட ஆகாது. ‘மே காட் பிளெஸ் யூ’ என்று அதே மெட்டில் இரண்டாவது சுற்றும் பாடுகிற வீடாக இருந்தால் முதல் சுற்று முடிந்ததும் தாளத்தை விடாமல் தட்டிக்கொண்டே இருங்கள், குழந்தை அதற்குள் ஊதிவிடாமல் பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். ஆரத்தி எடுக்கும் வீடானால் அந்த 4 கட்டையையே ஆரத்தி பாடும் பெரியவருக்கும் கொடுங்கள். தம்புராவை நிறுத்த வேண்டாம்.