காய்ச்சலை விடியும் வரை விடாதீர்கள்: கீமோ நாட்களில் வீட்டில் நடக்கும் தவறுகள்

வெள்ளக்கோவிலிலிருந்தும் தாளவாடியிலிருந்தும் கோவைக்கு வந்து, புற்றுநோய்க்கான கீமோ மருந்தை ஏற்றிக்கொண்டு, அன்றே வீடு திரும்புகிறவர்கள் பலர். மருந்து ஏறுவது ஆஸ்பத்திரியில். தொல்லை தொடங்குவது வீட்டில். அங்கே பார்த்துக்கொள்பவர் மனைவி, மகள், மருமகள். அவர்களிடம் பாசத்துக்குக் குறைவில்லை. எதற்கு டாக்டரைத் தொந்தரவு செய்வது என்ற தயக்கம்தான் ஆளைக் கெடுக்கிறது.

அந்தத் தயக்கம் உயிரையே பறிக்கக்கூடிய இடம் காய்ச்சல். பல கீமோ மருந்துகளில், ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் ரத்தத்தில் தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நாட்களில் தொற்று வந்தால் சீழோ சளியோ தெரியாமல் போகலாம். பெரும்பாலும் காய்ச்சல் மட்டுமே காட்டிக்கொடுக்கும். தெர்மாமீட்டர் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால், இரவு பதினோரு மணியானாலும் கிளம்பிவிட வேண்டும். குளிர் நடுக்கம் வந்தாலும் அப்படித்தான். சில மணி நேரத்தில் தொற்று ரத்தத்தில் பரவிவிடும் என்பதால்தான், வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி போட வேண்டும் என்று மருத்துவர்கள் நெறி வைத்திருக்கிறார்கள். கேட்காமல் பாரசிட்டமால் கொடுத்தால் சூடு இறங்கும், தொற்று இறங்காது. நமக்குக் கிடைத்த ஒரே எச்சரிக்கையும் மறைந்துபோகும்.

கோவை தொலைவு என்றால் 108-ஐ அழைத்து அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். உள்ளே நுழைந்ததும் முதல் பேச்சே, “கீமோ போய்க்கொண்டிருக்கிறது, கடைசியாக ஏறியது இந்தத் தேதியில்” என்று இருக்கட்டும். டிஸ்சார்ஜ் சீட்டின் நகல் ஒன்று எப்போதும் கைப்பையில் இருக்க வேண்டும். கீமோ ஏறிய தேதியை மாதக் காலண்டரில் வட்டமிட்டு, அந்த 7 முதல் 14 வரையிலான நாட்களுக்கு அடியில் கோடு போட்டு வையுங்கள். கல்யாணம், காதுகுத்து, கோயில் கூட்டம் எதற்கும் அந்த நாட்களில் அழைத்துப்போக வேண்டாம்.

வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு போடலாம் என்று எடுத்துவைப்பது அடுத்த தவறு. அது வராமல் தடுப்பதற்கான மாத்திரை. சீட்டில் எழுதிய வேளைக்குப் போட வேண்டும். ஒன்டான்செட்ரான் என்ற வாந்தி மாத்திரை மலச்சிக்கலைத் தரும், அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி எடுத்தால் காத்திருக்காமல் போன் செய்யுங்கள்.

பத்தியம் என்ற பெயரில் முட்டை, பால், கறி எல்லாவற்றையும் நிறுத்துவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் பழக்கம். உடல் வற்றினால் மருந்தைத் தாங்கும் சக்தியும் போய்விடும். நாமக்கல் பக்கத்து முட்டையை நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். ஆஃப்பாயில் மட்டும் வேண்டாம். குழைய வேகவைத்த அரிசிம்பருப்புச் சாதம், சந்தகை, தயிர்ச் சாதம் என்று எது இறங்குகிறதோ அதைச் சிறிது சிறிதாக. சூட்டோடு எழும் வாசனை குமட்டினால் ஆறவைத்துக் கொடுக்கலாம். ஆனால் ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறியவர்களுக்குச் சில நாட்கள் குளிர்ந்தது எதுவும் ஆகாது. ஒரு மடக்கு ஐஸ் தண்ணீரிலேயே தொண்டை இறுகுவது போல இருக்கும், விரல்களில் ஊசி குத்தும்.

ஈரோட்டு மஞ்சளைக் குழம்பில் போடுவதில் தவறில்லை. அதையே மாத்திரையாக்கி விற்பதும், முள் சீத்தா இலைக் கஷாயமும் வேறு கதை. முள் சீத்தா புற்றைக் குணமாக்கும் என்பதற்கு மனிதர்களிடம் செய்த நம்பகமான ஆய்வு இல்லை. கீமோ மருந்துகளில் பலவற்றைக் கையாள்வது கல்லீரல்தான். ரிப்போர்ட்டில் கல்லீரல் அளவுகள் ஏறினால் காரணம் கீமோவா கஷாயமா என்று டாக்டருக்குத் தெரியாது. அடுத்த கீமோ தள்ளிப்போகும். குடித்திருந்தால் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்த தோலிலும் கேட்காமல் எண்ணெயோ மஞ்சளோ பூச வேண்டாம். அங்கே போட்டிருக்கும் மை அடையாளத்தைத் தேய்த்து அழித்துவிடவும் கூடாது.

“எப்படி இருக்கிறீர்கள்?” என்று டாக்டர் கேட்கும்போது நம் பக்கத்துப் பெரியவர்கள் “பரவாயில்லைங்க” என்று முடித்துவிடுவார்கள். வீட்டில் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் மகனைக் கூப்பிட்டவராக அவர் இருப்பார். விரல் மரத்துப்போவது மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியதன் அறிகுறியாக இருக்கலாம். சொல்லாமல் விட்டால் நிரந்தரமாகவே தங்கிவிடலாம். உடன் போகிறவர் அதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

வலியும் அப்படித்தான். மார்பின் என்ற வலி மாத்திரை என்றாலே கடைசிக் கட்டம், அடிமையாக்கிவிடும் என்று பயந்து, துடித்த பிறகே பாதி மாத்திரை கொடுக்கிறார்கள். புற்று வலிக்கு டாக்டர் எழுதிய அளவில் நேரம் தவறாமல் கொடுத்தால் மனிதர் தூங்குவார், சாப்பிடுவார், நாலு வார்த்தை பேசுவார். மலச்சிக்கல் அநேகமாக வந்தே தீரும் என்பதால் மலமிளக்கியை முதல் நாளே சேர்த்து வாங்குங்கள். இரண்டு வேளைக்கு நடுவில் வலி கிளம்பினால் எவ்வளவு கொடுப்பது என்பதும் சீட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுதி வாங்காமல் அறையை விட்டு வெளியே வராதீர்கள்.