கொடியேற்றம் முடிந்ததும் கலைந்துவிடாதீர்கள்: நாட்டுப்பற்றுள்ளவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்ட் 15 அன்று தமிழ்நாட்டில் எந்த ஊராட்சி அலுவலகத்துக்குப் போனாலும் அடுத்தடுத்து இரண்டு நிகழ்ச்சிகளைப் பார்க்கலாம். காலையில் கொடியேற்றம். பள்ளிப் பிள்ளைகள், சட்டையில் குத்திய காகிதக் கொடி, மிட்டாய், போட்டோ. அப்புறம் ஊர் வாக்காளர்கள் கூடித் தீர்மானம் போடும் கிராம சபை. கொடிக்கு வணக்கம் வைத்தவர்களில் நிறையப் பேர் இரண்டாவதற்கு இருப்பதில்லை. மகளிர் குழுவினரும் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களும் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருக்க, ஊராட்சிச் செயலர் தீர்மானங்களை வேகமாக வாசித்துக்கொண்டு போவார். ஊருக்கு வந்த பணமும் போன பணமும் அந்தக் கொஞ்ச நேரத்தில் யாரும் கேள்வி கேட்காமலே கடந்து போய்விடும்.

நாட்டுப்பற்று குறைந்துவிட்டது என்று வருந்துகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பற்று ஏராளமாக இருக்கிறது. நம் கை எட்டாத இடத்தில் அது பொங்குகிறது, கை எட்டும் இடத்தில் காணாமல் போகிறது. இதை மாற்ற முடியும் என்று உறுதியாக நம்புகிறேன். அதற்கு, நல்லெண்ணம் உள்ளவர்களே திரும்பத் திரும்பச் செய்கிற சில தவறுகளைக் கைவிட வேண்டும்.

பற்றைத் தூரத்து விஷயங்களோடு நிறுத்திக்கொள்வது

2016 நவம்பரில், திரையரங்குகளில் படம் தொடங்கும் முன் தேசிய கீதம் ஒலிக்க வேண்டும், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2018 ஜனவரியில் அது கட்டாயமில்லை என்று மாற்றியது. இடைப்பட்ட காலத்தில் இதைப் பற்றி எவ்வளவு சண்டை போட்டோம் என்று நினைத்துப் பாருங்கள். யார் நின்றார், யார் நிற்கவில்லை என்று வீட்டுக்கு வீடு பேச்சு.

அதே காலத்தில் தமிழ்நாட்டில் வேறொன்று நடந்தது. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நீதிமன்ற வழக்கு, வார்டு மறுவரையறை என்று தள்ளிக்கொண்டே போனது. ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது, அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும். மீதி 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர். சென்னை உள்ளிட்ட நகரங்களுக்கு 2022 பிப்ரவரி. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சென்னைக்கு மேயர் இல்லை, கவுன்சிலர் இல்லை. தனி அலுவலர்கள் நிர்வாகம் பார்த்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி இல்லை என்பதால் ஒன்றிய நிதிக்குழு மானியமும் நிறுத்திவைக்கப்பட்டது. நம் ஓட்டுரிமையில் ஒரு பங்கு இத்தனை ஆண்டுகள் முடங்கிக் கிடந்ததற்குத் தெருவில் எழுந்த குரல், தியேட்டரில் எழுந்து நிற்பதற்கு எழுந்த குரலில் ஒரு பங்குகூட இல்லை. இதைத்தான் பொது வாழ்வில் அக்கறையின்மை என்கிறேன்.

அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவில் குடிமக்களின் அடிப்படைக் கடமைகள் இருக்கின்றன. 1976இல் 42ஆவது திருத்தத்தில் சேர்த்தவை. கொடிக்கும் தேசிய கீதத்துக்கும் மரியாதை தர வேண்டும் என்பது முதல் கடமையில் வருகிறது. அது எல்லோருக்கும் தெரியும். காடு, ஏரி, ஆறுகளைக் காப்பதும் பொதுச் சொத்தைப் பாதுகாப்பதும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. ஊர் ஏரிக்கரையில் ஆக்கிரமிப்பு ஏன் என்று கேட்கிறவரை வம்புக்காரர் என்று ஒதுக்கிவிட்டு, கொடி பிடிப்பவரை மட்டும் தேசபக்தர் என்று கொண்டாடினால், அந்தப் பட்டியலில் முதல் வரியோடு படிப்பை நிறுத்திக்கொண்டோம் என்று பொருள்.

‘மக்கள் சரியில்லை’ என்று பழிபோட்டுவிட்டு ஒதுங்குவது

2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் சென்னை மாநகராட்சியில் பதிவான வாக்கு சுமார் 43 சதவீதம். அடுத்த நாளே ‘படித்தவனுக்குப் பொறுப்பில்லை’ என்று எல்லாப் பக்கமும் வசை. அந்த வசையில் உண்மை உண்டு, ஆனால் முழு உண்மை இல்லை. வீடு மாறிப் போனவர்கள், இறந்துபோனவர்கள் பெயரெல்லாம் வாக்காளர் பட்டியலில் இருந்தால் சதவீதம் இன்னும் குறைவாகத்தான் தெரியும். ஊரில் ஓட்டு, நகரத்தில் குடித்தனம் என்று பத்து வருஷமாக இருப்பவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குத் தண்ணீர் தருவதும் குப்பை அள்ளுவதும் நகரம். அங்கே அவர்களுக்கு ஓட்டு இல்லை. ஊரில் ஓட்டு இருக்கிறது, அதைப் போடப் போக விடுமுறையும் பஸ் டிக்கெட்டும் கிடைப்பதில்லை.

இதற்குத் தீர்வு சின்னது. இப்போது குடியிருக்கும் முகவரிக்குப் பெயரை மாற்றப் படிவம் 8, புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. பதினெட்டு வயது நிறைவைக் கணக்கிட இப்போது ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் இருக்கின்றன: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. தேர்தல் அறிவித்த பிறகு பட்டியலைத் தேடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. பட்டியலில் பெயர் இருப்பது ஓட்டுக்கு மட்டும் அல்ல: அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருக்கிறவர்கள்தான் கிராம சபையின் உறுப்பினர்கள்.

‘மேற்கண்ட யாருக்கும் ஓட்டில்லை’ என்கிற நோட்டா பற்றியும் ஒரு வார்த்தை. 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அது வந்தது. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் நோட்டா அதிக வாக்கு வாங்கினாலும் அடுத்து அதிகம் வாங்கிய வேட்பாளர்தான் ஜெயிப்பார். எதிர்ப்பைப் பதிவு செய்ய அதை அழுத்தலாம், தவறில்லை. அதோடு கடமை முடிந்தது என்று ஐந்து வருஷம் தூங்குவதுதான் தவறு.

பேசாதவர்களுக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டுவது

இது எல்லாவற்றிலும் கனமான தவறு. 2020 சுதந்திர தினத்தன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண், கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியாகி, சில நாட்கள் கழித்து மாவட்ட ஆட்சியர் நேரில் வந்த பிறகே அவர் கொடியேற்றினார். இது ஏதோ ஒரே ஊரில் மட்டும் நடந்தது என்று சொல்ல முடியாது. 2022 ஆகஸ்டில், பட்டியல் சாதி ஊராட்சித் தலைவர்கள் இடையூறின்றிக் கொடியேற்றுவதை உறுதிசெய்யும்படி தலைமைச் செயலாளரே எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில், தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காக 1996 முதல் 2006 வரை தேர்தலை முறையாக நடத்தவிடவில்லை. மேலவளவில் அந்தப் பதவிக்குப் போட்டியிட்டுத் தலைவரான முருகேசன் 1997இல் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்.

இந்தப் பின்னணி உள்ள ஊரில் ஒரு தெருக்காரர்கள் கிராம சபைக்கு வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போகிறார்கள் என்றால், ‘இவர்களுக்கு ஆர்வமே இல்லை’ என்று எழுதுவது அநியாயம். 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு அவையில் பேசிய அம்பேத்கர், கிராமத்தை அதிகாரத்தின் அடிப்படை அலகாக்குவதை ஏன் எதிர்த்தார் என்பதற்கு விடை இந்த ஊர்களில் இருக்கிறது. கிராம சபைக்காக உழைக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது யார் எங்கே உட்காருகிறார்கள், யார் பேசும்போது சலசலப்பு எழுகிறது என்பதைத்தான். கூட்டம் எந்தத் தெருவில், எந்தக் கோயில் வாசலில் நடக்கிறது என்பதே சிலரை வெளியே நிறுத்திவிடும். எல்லோரும் கால் வைக்கக்கூடிய பொது இடத்தில் கூட்டம் நடக்க வேண்டும் என்று கேட்பதும் நாட்டுக்குச் செய்யும் வேலைதான்.

கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போவது

சரி, இருந்து கேட்பது என்று முடிவு செய்துவிட்டீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். முன்பு நான்காக இருந்ததை 2022இல் ஆறாக்கினார்கள். இவற்றில் முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி தடுமாறுகிறார்கள். மூன்று வருஷத்து ஆத்திரத்தையும் மைக்கில் கொட்டிவிடுவார்கள். தலைவர் ‘பார்க்கலாம்’ என்பார். கைதட்டு கிடைக்கும். தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரிகூட ஏறாது.

பேச்சை விடக் காகிதம் முக்கியம். ‘வடக்குத் தெருவில் குடிநீர்க் குழாய் உடைந்து ஆறு மாதமாகிறது, சீரமைக்கத் தீர்மானம் வேண்டும்’ என்று ஒரு பக்கத்தில் எழுதி, பத்துப் பேர் கையெழுத்தோடு கொடுங்கள். ஒரு மனுவுக்கு ஒரு விஷயம் போதும். நகலில் தேதியோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

எதை யாரிடம் கேட்பது என்பதிலும் குழப்பம் அதிகம். தெருவிளக்கு, குடிநீர், வடிகால், ஊராட்சிச் சாலை, துப்புரவு எல்லாம் ஊராட்சியின் நேரடிப் பொறுப்பு. இவற்றில் சாக்கு சொல்ல இடமில்லை. பட்டா வருவாய்த் துறை, ரேஷன் கடை வேறு துறை. அவற்றுக்காகவும் கிராம சபை தீர்மானம் போட்டு மேலே அனுப்பலாம். ஆனால் பட்டாவுக்கு ஊராட்சித் தலைவரைத் திட்டி ஒரு மணி நேரத்தைக் கரைத்தால், அவர் பதில் சொல்லியே ஆக வேண்டிய குடிநீர்க் கணக்கு தப்பித்துவிடும்.

வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கையான கோரம், மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இந்த எண்ணிக்கையைக் காட்டத்தான் நோட்டு வீடு வீடாகப் போவதும், தீர்மானத்துக்கு இடம் விட்டு முதலில் கையெழுத்து வாங்குவதும் சில ஊர்களில் நடக்கிறது. நீங்கள் இல்லாத கூட்டத்துக்கோ எழுதாத தீர்மானத்துக்கோ கையெழுத்துப் போடுவது, நிரப்பாத காசோலையை நீட்டுவது போன்றது. தீர்மானங்களை எழுதி முடித்து வாசிக்கச் சொல்லுங்கள், கடைசித் தீர்மானத்துக்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள். வீடு கட்டும் திட்டத்துக்குப் பயனாளிகள் பட்டியல் வைக்கப்பட்டால், பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஊருக்குள் யாருக்கு வீடு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பது அங்கே இருக்கிறவர்களை விட எந்த அதிகாரிக்கும் தெரியாது.

தீர்மானத்தோடு வீட்டுக்குப் போய்விடுவது

‘கிராம சபைத் தீர்மானத்தை உச்ச நீதிமன்றமே ரத்து செய்ய முடியாது’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருஷக்கணக்காகச் சுற்றுகிறது. நம்பாதீர்கள். சட்டம் எந்த விஷயத்தில் அதிகாரம் தந்திருக்கிறதோ, அந்த விஷயத்தில்தான் தீர்மானத்துக்குச் சட்ட பலம். ஒடிசாவின் நியாம்கிரி மலைப் பகுதியில் 2013இல் பன்னிரண்டு கிராம சபைகள் பாக்சைட் சுரங்கத்தை நிராகரித்தபோது அது செல்லுபடியானதற்குக் காரணம், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமும் அதை வைத்து உச்ச நீதிமன்றம் தந்த உத்தரவும். மற்ற இடங்களில் தீர்மானம் என்பது ஊரின் குரலை அரசு ஆவணமாக மாற்றும் கருவி. அதற்கு மேல் வேலை இருக்கிறது.

மேலூர்ப் பக்கத்து மக்கள் இதைச் செய்து காட்டினார்கள். அரிட்டாபட்டியை உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி, சுமார் 2,015 ஹெக்டேர், 2024 நவம்பரில் ஒரு நிறுவனத்துக்கு ஏலம் போனது. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று 2022இல் அறிவிக்கப்பட்ட ஊர் அரிட்டாபட்டி. அந்த ஆண்டு நவம்பர் 1 தீபாவளிக்கு மறுநாளாக அமைந்ததால் 23ஆம் தேதிக்குத் தள்ளிப்போன கிராம சபைகளில் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானங்கள் நிறைவேறின. மக்கள் அதோடு ஓயவில்லை. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானோர் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை நடந்தே வந்தார்கள். ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மலையையும் சுனைகளையும் குடைவரைக் கோயிலையும் காக்க நடந்த அந்த மக்களை விடப் பெரிய தேசபக்தர்களை எனக்குத் தெரியாது.

எல்லா ஊருக்கும் அவ்வளவு பெரிய போராட்டம் தேவைப்படாது. உங்கள் ஊர்க் குழாய்க்கும் விளக்குக்கும் இது போதும்: கூட்டம் முடிந்த வாரமே தீர்மானத்தின் நகலைக் கேளுங்கள். தரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, ஊராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் விண்ணப்பம் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம். அடுத்த கிராம சபையில் புதிய தீர்மானம் எதையும் வாசிக்கும் முன், போன கூட்டத்தின் தீர்மானங்களில் எவை நடந்தன, எவை நடக்கவில்லை, ஏன் என்று வாசிக்கச் சொல்லுங்கள். தனியாக எழுந்து கேட்டால் உட்காரச் சொல்வார்கள். அதனால் நாலு தெருவிலிருந்தும் தெருவுக்கு இருவராவது பேசி வைத்துக்கொண்டு போங்கள்.