வேலையில்லாதோர் இத்தனை பேர் என்று எழுதுவதற்கு முன்

தமிழ்நாட்டில் அவ்வப்போது கண்ணில் படும் செய்தி இது: 'அரசு வேலைக்காகக் காத்திருப்போர் இத்தனை லட்சம்'. 2023 தொடக்கத்தில் அந்த எண் 60 லட்சத்துக்கு மேல் இருந்தது. நானும் ஒருமுறை அதை எடுத்து 'வேலையில்லாதோர்' என்று தலைப்பு வைத்தவன்தான். மறுநாள் ஒரு வாசகர் போன் செய்தார். "தம்பி, என் பையனுக்கு பிளஸ் டூ முடிச்சதும் ஸ்கூல்லயே பதிஞ்சு குடுத்துட்டாங்க. இப்ப பெங்களூர்ல வேலையில இருக்கான், மூணு வருஷத்துக்கு ஒருதடவை ரினீவல் மட்டும் பண்றான். அவனும் உங்க கணக்குல உண்டா?"

உண்டு. அதுதான் பிரச்சினை. வேலைவாய்ப்பு அலுவலகத்தின் உயிர்ப்பதிவேடு வெறும் பெயர்ப் பட்டியல், கணக்கெடுப்பு இல்லை. கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர், தனியார் வேலையில் இருந்துகொண்டே அரசு வேலைக்கு ஒரு கண் வைத்திருப்பவர் எல்லோரும் அதில் இருப்பார்கள். எட்டாவதோடு நின்று, அந்த அலுவலகப் படியே ஏறாமல், தினமும் வேலை கிடைக்குமா என்று அலைகிறவர் இருக்கமாட்டார். ஆகவே 'பதிந்திருப்போர்' என்று எழுதுங்கள், போதும்.

சரி, கணக்கெடுப்புக்கு எங்கே போவது? 2017 முதல் மத்திய புள்ளியியல் அமைச்சகம் நடத்தும் பி.எல்.எஃப்.எஸ். என்ற தொழிலாளர் கணக்கெடுப்புதான் இப்போதைக்கு அடிப்படை. ஆனால் முக்கால்வாசிப் பேர் வழுக்கி விழுவதும் இங்கேதான். 2023-24 அறிக்கையில் நாடு முழுவதும் 15 வயதும் அதற்கு மேலும் ஆனோரின் வேலையின்மை விகிதம் 3.2 சதவீதம். அதே அறிக்கையில் 4.9 சதவீதமும் இருக்கிறது. இரண்டும் சரிதான், கேள்விதான் வேறு. முதலாவது கடந்த ஒரு வருடத்தை வைத்துப் பார்ப்பது. அதில் 30 நாள் ஏதாவது வேலை செய்திருந்தாலே ஒருவர் வேலையில் இருப்பவராகிவிடுவார். இரண்டாவது கடந்த ஏழு நாளை மட்டும் பார்ப்பது. 2025 ஏப்ரலில் இருந்து மாதாமாதம் வரும் எண்களில் தலைப்புக்குப் போவது இந்த வாரக் கணக்குதான். அந்த ஏப்ரலுக்கு 5.1 சதவீதம் என்று வந்ததும், அதைப் பழைய 3.2-க்குப் பக்கத்தில் வைத்து 'கிடுகிடு உயர்வு' என்று எழுதினால் அது வீட்டு வாடகையையும் மின் கட்டணத்தையும் ஒப்பிடுவது மாதிரி. 4.9-ஓடு வைத்தாலும் கவனம் வேண்டும், 2025 ஜனவரியில் கணக்கெடுப்புக்கு வீடுகளைத் தேர்ந்தெடுக்கும் முறையே மாறிவிட்டது. அடுத்த மாதம், மே 2025-இல், விகிதம் 5.6 ஆனது, ராபி (குளிர்காலப் பயிர்) அறுவடை முடிந்துபோனதும் வெயிலும் காரணம் என்று அமைச்சகமே சொன்னது. ஒரு மாத ஏற்றத்தை வைத்துப் பொருளாதாரத்துக்கே ஜாதகம் எழுதாதீர்கள். அப்புறம் இது அரை 'சதவீதப் புள்ளி' உயர்வு. அரை சதவீத உயர்வு என்று எழுதினால், அந்த 5.1-இலேயே அரை சதவீதம் மட்டும் கூடியது என்று ஆகிவிடும், அது தப்பு.

அதைவிடப் பெரிய தவறு, 'வேலை' என்றால் என்ன என்று கேட்காமல் விடுவது. வாரக் கணக்கில், ஏழு நாளில் ஏதோ ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே நீங்கள் வேலையில் இருப்பவர். சம்பளம் வாங்கியிருக்கவும் வேண்டாம். அப்பாவின் மளிகைக் கடையில் சும்மா பொட்டலம் கட்டிக் கொடுத்தாலும் கணக்கில் சேரும். வேலை தேடித் தேடி அலுத்து விட்டுவிட்டவரோ வேலையில்லாதவர் பட்டியலிலும் வரமாட்டார், தொழிலாளர் எண்ணிக்கையை விட்டே வெளியே போய்விடுவார்.

இதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்: 2017-18-இல் 6.1 சதவீதமாக இருந்த வருடக் கணக்கு 2023-24-இல் 3.2 ஆக, ஏறக்குறையப் பாதியானது. நல்ல செய்திதானே? அதே காலத்தில் வேலை செய்யும் அல்லது தேடும் பெண்களின் பங்கு 23.3-இல் இருந்து 41.7 சதவீதமாகியிருக்கிறது. சுயதொழில் செய்வோர் பங்கு 52.2-இல் இருந்து 58.4-க்கு ஏறியிருக்கிறது, மாதச் சம்பளக்காரர் பங்கு 22.8-இல் இருந்து 21.7-க்கு இறங்கியிருக்கிறது. 'அரசு சாதனை' என்றும் எழுதலாம், 'எல்லாம் பொய்க் கணக்கு' என்றும் எழுதலாம், என்னைக் கேட்டால் இரண்டுமே சோம்பேறித்தனம். எந்த மாதிரி வேலை கூடியது என்பதுதான் செய்தி, அது மூன்றாவது நான்காவது அட்டவணையில் கிடக்கிறது.

ஜிடிபி, அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பு, பக்கம் வந்தால், 2021 ஏப்ரல்-ஜூன் காலாண்டை மறக்கமுடியாது. 20.1 சதவீத வளர்ச்சி! முந்தைய வருடம் ஊரடங்கில் 24.4 சதவீதம் சரிந்திருந்ததே, அதன் மேல் வந்த வளர்ச்சி அது. ரூபாயில் பார்த்தால் குட்டு வெளிப்படும்: அன்று வெளியான கணக்குப்படி, விலைவாசி உயர்வைக் கழித்து, அதே காலாண்டில் 2019-இல் 35.66 லட்சம் கோடி, 2020-இல் 26.95, 2021-இல் 32.38. இருபது சதவீதம் வளர்ந்தும் இரண்டு வருடத்துக்கு முந்தைய இடத்தை எட்டவில்லை. சதவீதத்தை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் இதை எழுதவேயில்லை.

பி.எஃப். எண்களிலும் இப்படித்தான். 'இத்தனை லட்சம் புதிய வேலைகள்' என்று வருவது, பி.எஃப். வளையத்துக்குள் புதிதாக வந்த சந்தாதாரர் கணக்கு. 19 பேர் இருந்த பட்டறை இருபதாவது ஆளை எடுத்ததும் சட்டம் அங்கே பாயும், தகுதியுள்ள அத்தனை பேருக்கும் பி.எஃப். பிடிக்க ஆரம்பிப்பார்கள். கூடியது ஒரு வேலை. அதோடு, முதலில் வெளியிடும் எண் தற்காலிகமானது, பின்னால் திருத்துவார்கள்.

விகிதத்தை மக்கள்தொகையால் பெருக்கி 'இத்தனை கோடி பேர்' என்று எழுதும் ஆசை எல்லோருக்கும் வரும். கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-இல் எடுத்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதோடு, வேலையின்மை விகிதம் மொத்த மக்கள்தொகையில் எத்தனை பேர் என்பது இல்லை, வேலை செய்வோரும் தேடுவோரும் சேர்ந்த கூட்டத்தில் எத்தனை பேர் என்பது. பெருக்கித்தான் ஆகவேண்டும் என்றால் அந்தக் கூட்டத்தின் எண்ணிக்கையால் பெருக்குங்கள், அதற்கு எந்த மக்கள்தொகை மதிப்பீட்டை எடுத்தீர்கள் என்று அதே பத்தியில் சொல்லிவிடுங்கள்.

கொஞ்சம் கணினி தெரிந்தவர்கள் அமைச்சகத்தின் தளத்தில் இருந்து வீடுவாரித் தரவையே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், ஆள் பெயர் எதுவும் இருக்காது. ஆனால் வரிசைகளை அப்படியே எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொரு வரிசையும் எத்தனை பேருக்குச் சமம் என்று ஒரு எடை எண் கூடவே வரும், அதைச் சேர்த்துத்தான் கணக்குப் போடவேண்டும். 2023-24 தரவை எடுத்தால் முதல் வேலையாக அந்த 3.2 உங்கள் திரையிலும் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால், உங்கள் மாவட்டத்துக்கு என்று வந்த பரபரப்பான எண்ணை ஆசிரியரிடம் இன்னும் காட்டாதீர்கள்.