பழைய காருக்குள் பெட்ரோல் வாடையா?

திருநெல்வேலி வெயிலில் நின்ற பழைய காரைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடிக்கிறதா? வாசனைக் குப்பி தொங்கவிட்டு ஒப்பேற்றாதீர்கள். எப்போது அடிக்கிறது என்று கவனியுங்கள். டேங்க் நிரப்பியதும் மட்டும் என்றால், மூடியின் ரப்பர் வாஷரையோ பெட்ரோல் ஊற்றும் வழியின் ஹோஸையோ சந்தேகப்படலாம். புளோயர் போட்டதும் கூடினால் பெரும்பாலும் பானெட்டுக்குள் கசிவு. வெளிக்காற்று முன்கண்ணாடிக்குக் கீழிருந்துதானே உள்ளே வருகிறது. இன்ஜின் ஆறியபின் அங்குள்ள பெட்ரோல் ஹோஸை விரலால் வளைத்துப் பாருங்கள், பொடிப்பொடியாக வெடித்திருக்கலாம். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பருக்கு ஆகாது. பின்சீட்டைத் தூக்கினால் பல வண்டிகளில் பெட்ரோல் அளவைக் காட்டும் டேங்க் மிதவையின் மூடி தெரியும். சுற்றிலும் ஈரமோ கறையோ இருந்தால் மூடிக்கு அடியிலுள்ள ரப்பர் கேஸ்கெட் போயிருக்கலாம். தேட டார்ச் மட்டும், தீப்பெட்டி பக்கமே வரக்கூடாது. சொட்டுகிறதென்றால் வண்ணார்பேட்டை வரைகூட ஓட்டாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள்.