டைரியில் உங்களையே திட்டாதீர்கள்: வீட்டில் பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு

மறதி நோய் வந்த அம்மாவையோ அப்பாவையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் டைரி எழுத ஆரம்பித்தால், முதல் பக்கம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "இன்னைக்கும் அம்மாகிட்ட கத்திட்டேன். நானெல்லாம் ஒரு பொண்ணா?" மனசு கொஞ்சம் லேசாகட்டும் என்றுதான் எழுத உட்காருகிறார்கள். எழுதி முடிக்கும்போது பாரம் கூடிவிடுகிறது. நமக்கு இதெல்லாம் ஒத்துவராது என்று டைரியை ஓரமாக வைத்துவிடுகிறார்கள். அவர்கள் டைரியை விட வேண்டாம், எழுதும் குரலை மாற்றினால் போதும்.

திட்டும் குரலுக்குப் பதிலாக வர வேண்டியது சுயபரிவு, அதாவது தன்னிடமே பரிவோடு பேசுவது. அதை அமெரிக்க உளவியல் ஆய்வாளர் கிறிஸ்டின் நெஃப் 2003-ல் மூன்று பகுதிகளாக விளக்கினார். தன்னிடம் அன்பாக இருப்பது, இந்தக் கஷ்டம் எனக்கு மட்டும் வந்ததில்லை என்று உணர்வது, வலியை ஒதுக்காமலும் அதிலேயே மூழ்காமலும் உள்ளபடி பார்ப்பது. டைரியில் வரும் தவறுகள் எல்லாம் அநேகமாக இந்த மூன்றில் ஒன்று விட்டுப்போவதால் வருபவைதான்.

முதல் தவறு, நடந்ததை எழுதாமல் தீர்ப்பை எழுதுவது. "நான் பொறுமையே இல்லாதவள்" என்பது தீர்ப்பு. "நேற்று ராத்திரி மூன்று முறை எழுந்தேன். காலையில் அம்மா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். பால் பொங்கிக்கொண்டிருந்தது. கத்திவிட்டேன். அம்மா முகம் சுருங்கிப்போனது" என்பது நடந்தது. இரண்டாவதில் உங்கள் தப்பும் இருக்கிறது, உங்கள் தூக்கமின்மையும் இருக்கிறது. தப்பை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதைச் சுற்றி இருந்ததையும் சேர்த்து எழுதுவதுதான் நியாயம். "எப்பவும்", "ஒருநாளும்", "எதுக்கும் லாயக்கில்லை" போன்ற வார்த்தைகள் வந்தால் அங்கேயே நிறுத்தி, இன்று என்ன நடந்தது என்று மட்டும் எழுதுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று, ஒரே சம்பவத்தைத் தினமும் தோண்டுவது. மனதில் இருப்பதைக் கொட்டி எழுதுவதை உளவியல் ஆய்வாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் முதலில் ஆராய்ந்தபோது (1986) மாணவர்களை எழுத வைத்தது நான்கு நாட்கள், தினம் 15 நிமிடம். அவ்வளவுதான். ஏற்கெனவே ஒன்றையே சுற்றிச் சுற்றி யோசிப்பவர்களுக்குக் கொட்டி எழுதுவது எதிர்மாறாகப் போகவும் கூடும். துணையைப் பிரிந்தவர்களை வைத்து 2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், அப்படிப்பட்டவர்கள் உணர்ச்சிகளை எழுதியதைவிட அன்றாட வேலைகளைச் சாதாரணமாக எழுதியபோதே நன்றாக இருந்தார்கள். அதனால் மூன்றாவது நாளும் அதே பக்கத்தையே எழுதுகிறோம் என்று தோன்றினால், அன்று காய்கறிக் கணக்கை எழுதினாலும் குற்றமில்லை.

நம் வீடுகளில் அதிகம் நடப்பதும், நான் மிகவும் கவலைப்படுவதும் அடுத்த தவறைப் பற்றித்தான். "உன்னைவிடக் கஷ்டப்படறவங்க எத்தனை பேர் இருக்காங்க" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதையே டைரியிலும் எழுதி, இதுதான் பக்குவம் என்று நினைத்துக்கொள்கிறோம். நெஃப் சொல்லும் இரண்டாவது பகுதி இது இல்லை. அடுத்தவர் கஷ்டத்தைக் காட்டி உங்கள் வாயை அடைப்பது ஒன்று, அடுத்தவரோடு உங்களையும் சேர்த்துக்கொள்வது வேறொன்று. "இதே நேரத்தில் எத்தனையோ வீடுகளில் ஒருத்தி கத்திவிட்டு, அப்புறம் சமையலறையில் நின்று அழுதுகொண்டிருப்பாள்" என்று எழுதிப் பாருங்கள். அந்த வரி உங்களைச் சின்னதாக்காது, தனியாகவும் விடாது.

வலியை எழுதுவதற்கு முன்பே ஆறுதலுக்குத் தாவுவதும் பலனில்லாதது. "எல்லாம் நன்மைக்கே", "பெத்தவங்களுக்குச் செய்யறது பாக்கியம்" என்பவை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கோபத்தையும் சலிப்பையும், சில சமயம் "இது எப்போ முடியும்" என்று எட்டிப்பார்க்கும் நினைப்பையும் எழுதிய பிறகு வந்தால்தான் அவை மனதில் ஒட்டும். அப்படி ஒரு நினைப்பு வருவதால் உங்களுக்குப் பாசம் இல்லை என்று ஆகிவிடாது.

பரிவு காட்டினால் நான் இன்னும் மோசமாகிவிடுவேனே என்று சிலர் பயப்படுகிறார்கள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜூலியானா பிரைன்ஸ், செரினா சென் இருவரும் செய்த ஆய்வு (2012) வேறு மாதிரி சொல்கிறது. கடினமான தேர்வு ஒன்றில் சறுக்கிய மாணவர்களில், உங்களை நீங்களே கடிந்துகொள்ளாதீர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் படித்தார்கள். திட்டு வாங்கிய மனம் தப்பைப் பார்க்கவே பயப்படும். தாங்கிப் பிடிக்கப்பட்ட மனம் நாளைக்கு வேறு மாதிரி செய்யத் துணியும்.

அன்பான வரி வரவே இல்லையா? உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு எழுதுங்கள். இதே நிலையில் உங்கள் தங்கை போன் செய்தால் எப்படிப் பேசுவீர்களோ, அதே பேச்சுத்தமிழில். பெயர் சொல்லித் தனக்குத்தானே பேசுவது பதற்றத்தைக் குறைக்கிறது என்று உளவியல் ஆய்வாளர் ஈத்தன் கிராஸ் குழுவினரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வீட்டில் யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தால் எழுதிவிட்டுக் கிழித்துப் போடுங்கள். பயந்து பயந்து எழுதும் பக்கத்தில் உண்மை வராது.

பரிவான வார்த்தையை எழுதியதும் சிலருக்கு அழுகை கட்டுக்கடங்காமல் வரும், பழைய காயங்கள் கிளம்பும். அது நடக்கக்கூடியதுதான். பேனாவை வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வெளியே கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள். ஆனால் வாழவே பிடிக்கவில்லை என்று எழுத வந்தால் டைரி போதாது. இந்திய அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416-ல் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

கடைசியாக ஒன்று. பார்த்துக்கொள்பவர்கள் டைரியில் "நாளை முதல் இன்னும் பொறுமையாக இருப்பேன்" என்று எழுதி முடிக்கிறார்கள். தூக்கமில்லாத உடம்பிடம் இன்னும் பொறுமை கேட்பது பரிவில்லை. அந்த இடத்தில் "எனக்கு இப்போது என்ன தேவை" என்று எழுதி, அதை யாரிடம் கேட்கப்போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்: ஞாயிறு மதியம் மூன்று மணி நேரம் அம்மாவோடு இருக்கச் சொல்லி அண்ணனிடம் கேட்கணும், வியாழனுக்குள்.